பிதாவுக்கும் ஓர் உடல் உண்டு: மார்மன் ஊர்கள் வழியே

செவ்வாய், பல்மைரா

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் தோன்றிய சபையினரான மார்மன்கள் வணங்கும் பிதாவுக்கு, அதாவது கடவுளுக்கு, எலும்பும் சதையும் உள்ள உடல் இருக்கிறது. அவர் ஒரு காலத்தில் நம்மைப் போலவே ஓர் உலகத்தில் வாழ்ந்து, அதன் பிறகே கடவுளானவர் என்று அவர்களுடைய முதல் தீர்க்கதரிசி ஜோசஃப் ஸ்மித் கூட்டத்தின் நடுவே நின்று பிரசங்கித்தார். ஓய்வுநாள் பள்ளியில் திரித்துவத்தை, அதாவது பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்பதை, மனப்பாடம் செய்து வளர்ந்தவனுக்கு இது காதில் விழுந்ததும் தூக்கிவாரிப்போடும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் படிக்கப் படிக்க அதிர்ச்சி போய் மரியாதை வந்தது. இந்தக் கொள்கை ஒரே நாளில் முழுசாக இறங்கவில்லை. ஒவ்வோர் ஊராக, பதினைந்து வருடங்களில் வளர்ந்தது. அந்த ஊர்களை அதே வரிசையில் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

நியூயார்க் மாநிலம் என்றாலும் இது நாம் நினைக்கிற நியூயார்க் இல்லை. ராசெஸ்டர் விமான நிலையத்திலிருந்து காரில் கிளம்பினால் சோள வயல், ஆப்பிள் தோட்டம், பழைய ஈரி கால்வாய். பல்மைராவின் முக்கியச் சந்திப்பில் நான்கு மூலைக்கும் நான்கு தேவாலயங்கள் நிற்கின்றன. நான்கும் வேறு வேறு சபை. இந்தக் கட்டடங்கள் ஜோசஃப் ஊரை விட்டுப் போன பிறகு எழுந்தவை. ஆனால் அவர் பையனாக இருந்தபோது ஊரில் நடந்த இழுபறியை இதைவிட நன்றாகக் காட்ட முடியாது. யார் சபை மெய்யான சபை என்று எல்லோரும் அடித்துக்கொண்ட காலம் அது.

ஸ்மித் குடும்பத்தின் பண்ணைக்குப் பின்னால் இருக்கிற காட்டைப் பரிசுத்தத் தோப்பு என்கிறார்கள். 1820 வாக்கில், பதினான்கு வயதில், ஜோசஃப் இங்கேதான் மண்டியிட்டு ஜெபித்தாராம். மேப்பிளும் பீச்சும் நிறம் மாறிக்கொண்டிருந்தன. எங்களை அழைத்துப்போன இளம் ஊழியக்காரப் பெண் 1838இல் எழுதப்பட்ட வரலாற்றைச் சொன்னாள்: ஒளித்தூண் இறங்கியது, அதில் இரண்டு பேர் நின்றார்கள், ஒருவர் மற்றவரைக் காட்டி "இவர் என் நேசகுமாரன், இவருக்குச் செவிகொடு" என்றார். பிதாவும் குமாரனும் தனித்தனி ஆட்கள் என்பதற்கு மார்மன்கள் முதலில் காட்டும் சாட்சி இதுதான்.

ஆனால் 1832இல் ஜோசஃப் தம் கைப்படவே எழுதிய விவரம் ஒன்று இருக்கிறது. அதில் தெளிவாகத் தெரிவது ஒரு கர்த்தர்தான். வந்து "உன் பாவங்கள் மன்னிக்கப்பட்டன" என்கிறார். அந்தப் பெண்ணிடம் இதைக் கேட்டேன். கொஞ்சமும் தடுமாறவில்லை. "ஆமாம், பல விவரங்கள் இருக்கின்றன, எங்கள் சபையே அவற்றை வெளியிட்டிருக்கிறது" என்றாள். உண்மைதான்.

ஊருக்குள் கிராண்டின் அச்சகம் இருக்கிறது. 1830 மார்ச்சில், ஜோசஃப் வெளியிட்ட வேதநூலான மார்மன் புத்தகத்தின் 5,000 பிரதிகள் இங்கே அச்சாகி விற்பனைக்கு வந்தன. மார்ட்டின் ஹாரிஸ் என்ற விவசாயி அச்சுக்கூலிக்காகத் தன் நிலத்தை அடமானம் வைத்தார். அந்த முதல் பதிப்பில் மரியாள் "தேவனுடைய தாய்". 1837 பதிப்பில் அதையே "தேவகுமாரனுடைய தாய்" என்று மாற்றினார்கள். ஏழு வருட இடைவெளியில் பிதாவையும் குமாரனையும் பிரித்துச் சொல்ல வேண்டிய தேவை வந்துவிட்டது என்றுதான் எனக்குப் படுகிறது.

மாலையில் ஊர்க் கல்லறைக்குப் போனேன். ஜோசஃபின் அண்ணன் ஆல்வின் 1823 நவம்பரில், 25 வயதில் இறந்துபோனார். ஞானஸ்நானம் பெறாதவர். அடக்க ஆராதனையில் பிரசங்கித்த போதகர், பையன் நரகத்துக்குத்தான் போயிருப்பான் என்கிற மாதிரிப் பேசினார் என்று தம்பி வில்லியம் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். சாவு வீட்டில் இப்படி ஒரு பேச்சு! அந்தக் குடும்பம் இதை மறக்கவே இல்லை. இந்தப் பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த ஊரில் மறுபடி வரும்.

வியாழன், கிர்ட்லண்ட்

ஏரிக்கரை நெடுஞ்சாலையில் மேற்கே வந்தால் ஒஹையோ மாநிலம். கிளீவ்லண்டுக்குப் பக்கத்தில் சின்ன ஊர் கிர்ட்லண்ட். 1836 மார்ச் 27 அன்று பிரதிஷ்டை செய்யப்பட்ட முதல் மார்மன் கோவில் இங்கேதான். நீண்ட காலம் இது 'கிறிஸ்துவின் சமூகம்' என்ற சபையிடம் இருந்தது. அவர்களும் ஜோசஃபின் வழி வந்தவர்கள், ஆனால் திரித்துவத்தை ஏற்கிறவர்கள். 2024 மார்ச்சில், சால்ட் லேக் சிட்டியைத் தலைமையிடமாகக் கொண்ட பெரிய மார்மன் சபை இந்தக் கோவிலையும் நாவூவில் உள்ள சில கட்டடங்களையும் சில கையெழுத்துப் பிரதிகளையும் சேர்த்து சுமார் 19 கோடி டாலருக்கு வாங்கியது.

கிர்ட்லண்ட் எனக்குப் பிடித்ததற்குக் காரணம், கொள்கை இங்கே இன்னும் பாதி வழியில் நிற்கிறது. 1834–35 குளிர்காலத்தில் மூப்பர்களுக்கு நடந்த வகுப்புகளில் சொன்ன 'விசுவாச விரிவுரைகள்' பிதாவை ஆவியான ஆள் என்றும் குமாரனை உடல் தரித்த ஆள் என்றும் சொல்கின்றன. பரிசுத்த ஆவி தனி ஆளே இல்லை, இருவருக்கும் பொதுவான மனம். இது 1835இல் சபையின் வேதநூலிலேயே அச்சானது, 1921இல் எடுத்துவிட்டார்கள். அதாவது பிதாவுக்கு உடல் உண்டு என்பது 1835இல் அவர்கள் எழுத்தில் இல்லை. சபையின் எதிரிகள் இதைப் பிடித்துக்கொண்டு ஆட்டுவார்கள். எனக்கு அதில் குறையே தெரியவில்லை. வெளிப்பாடு இன்னும் முடியவில்லை, தொடர்கிறது என்று நம்புகிற சபையில் இப்படி நடப்பது இயல்புதான்.

ஆனால் வேறொரு விதை இங்கே விழுந்துவிட்டது. 1833 மே மாதத்து வெளிப்பாடு ஒன்று, மனிதனும் ஆதியில் தேவனோடு இருந்தான், அறிவு உண்டாக்கப்பட்டதல்ல, உண்டாக்கவும் முடியாது என்கிறது. கடவுள் ஒன்றுமில்லாமையிலிருந்து எல்லாவற்றையும் படைத்தார் என்று படித்த நமக்கு இது பெரிய வெடி. மனிதனின் உள்ளே இருப்பது கடவுளைப் போலவே தொடக்கம் இல்லாதது என்று சொன்ன பிறகு, இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கிற சுவர் எவ்வளவு நாள் நிற்கும்?

கோவிலின் மேல்மாடிக்குக் குறுகலான படிகளில் ஏறிப் போக வேண்டும். 1836 ஜனவரி 21 அன்று அந்த மாடியில் ஜோசஃப் ஒரு தரிசனம் கண்டார். எரிகிற சிங்காசனத்தில் பிதாவும் குமாரனும். கூடவே அண்ணன் ஆல்வின், பரலோகத்தின் மேலான நிலையாகிய உன்னத மகிமையில்! ஞானஸ்நானம் பெறாதவன் எப்படி இங்கே வந்தான் என்று தமக்கே ஆச்சரியமாக இருந்தது என்று எழுதியிருக்கிறார். வாய்ப்புக் கிடைத்திருந்தால் ஏற்றிருப்பவர்கள் எல்லோருக்கும் இடம் உண்டு என்று பதில் வந்ததாம். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு போதகர் வாய்விட்டதற்கு இங்கே கிடைத்த மறுமொழி இது. அந்த மாடியில் நின்றபோது எனக்குக் கண் கலங்கியது.

1835 கோடையில் இதே ஊரில் நான்கு எகிப்திய மம்மிகளையும் பாப்பிரஸ் சுருள்களையும் 2,400 டாலருக்கு வாங்கினார்கள். அவற்றிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் ஆபிரகாமின் புத்தகம் 1842இல் அச்சானது. அதில் உலகத்தை அமைப்பது 'தேவர்கள்', பன்மையில். எஞ்சியிருக்கிற துண்டுகள் சாதாரண எகிப்திய ஈமச் சடங்கு எழுத்துகள் என்பதே எகிப்தியவியல் அறிஞர்களின் முடிவு. சபையும் 2014இல் அதை ஒப்புக்கொண்டு எழுதியது. இந்தப் புத்தகத்தை ஒரு மொழிபெயர்ப்பாக என்னால் ஏற்க முடியவில்லை. ஜோசஃபின் சிந்தனை எங்கே போய்க்கொண்டிருந்தது என்று காட்டும் ஆவணமாக அதற்கு மதிப்பு அதிகம்.

சனி, நாவூ

சிகாகோ வந்து, அங்கிருந்து காரில் அரை நாள். மிசிசிப்பி நதி பெரிய வளைவு எடுக்கும் இடத்தில் இருக்கிறது நாவூ. இன்று ஆயிரம் பேர்கூடத் தேறாத ஊர். 1840களில் இல்லினாய் மாநிலத்தின் பெரிய ஊர்களில் ஒன்று. மேட்டில் வெள்ளைக் கோவில் நிற்கிறது. பழையது 1848இல் தீவைப்பிலும் 1850இல் சூறாவளியிலும் போனது, இது 2002இல் மறுபடி கட்டியது. நான் சபை உறுப்பினர் இல்லை, உள்ளே போக முடியாது. வெளியிலிருந்தே தூண்களில் செதுக்கிய சூரிய முகங்களைப் பார்த்தேன்.

நான் வந்தது ஒரு கிணற்றுக்காகத்தான்.

கிங் ஃபாலெட் என்பவர் ராஜா இல்லை, அது அவருடைய பெயர். மிசௌரியிலிருந்து மார்மன்களை அடித்து விரட்டிய காலத்தில் சிறையில் கிடந்தவர். 1844 மார்ச்சில் கிணற்றுக்குள் வேலை செய்துகொண்டிருந்தபோது மேலிருந்து கல் நிறைந்த வாளி விழுந்து இறந்தார். அடுத்த மாதம், ஏப்ரல் 7, சபையின் மாநாடு. அவருடைய குடும்பத்தார் கேட்டுக்கொண்டபடி ஜோசஃப் அன்று மரணத்தைப் பற்றிப் பேச எழுந்தார். கோவில் பாதிதான் எழும்பியிருந்தது, கூட்டம் தோப்பில். ஆயிரக்கணக்கானவர்கள். காற்று பலமாக அடித்ததால், காற்று அடங்கவும் தம் நெஞ்சுக்குப் பலம் கிடைக்கவும் ஜெபிக்கச் சொன்னார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் பேசினார். நான்கு பேர் குறிப்பு எடுத்தார்கள்: வில்லார்ட் ரிச்சர்ட்ஸ், வில்ஃபோர்ட் வுட்ரஃப், தாமஸ் புல்லக், வில்லியம் கிளேட்டன். ஒருவர் எழுதியது மற்றவர் எழுதியதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகவில்லை. ஆனால் சாரம் நான்கிலும் ஒன்றுதான்.

கடவுள் எப்படிப்பட்டவர் என்று தெரியாமல் மனிதன் தன்னையே தெரிந்துகொள்ள முடியாது என்று ஆரம்பிக்கிறார். பிறகு சொல்கிறார்: இப்போது நாம் இருப்பதுபோல அவரும் ஒரு காலத்தில் இருந்தார். இப்போது அவர் உயர்த்தப்பட்ட மனிதர். திரை விலகினால் மனித உருவத்தில்தான் அவரைப் பார்ப்பீர்கள். தேவன் நித்திய காலமாகவே தேவனாக இருந்தார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த எண்ணத்தை இன்று மறுக்கப்போகிறேன். இயேசு செய்தது என்ன? தம் பிதா செய்ததையே செய்தார். உயிரைக் கொடுத்தார், மீண்டும் எடுத்துக்கொண்டார். நீங்களும் அதே ஏணியில் படிப்படியாக ஏறித் தேவர்களாகக் கற்றுக்கொள்ள வேண்டும்.

படைப்பைப் பற்றியும் சொன்னார். கப்பல் கட்டுகிறவன் மரத்தை வைத்துக்கொண்டு கட்டுவதுபோல, ஏற்கெனவே இருந்த பொருளைக் கடவுள் ஒழுங்குபடுத்தினார். உயிரைப் படைக்கவே இல்லை. இதை விளக்க விரலில் இருந்த மோதிரத்தைக் கழற்றிக் காட்டினார். மோதிரத்துக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. வெட்டினால் இரண்டும் வந்துவிடும். உயிருக்குத் தொடக்கம் இருந்தால் முடிவும் இருந்தே தீரும் என்றார்.

சைவ சித்தாந்தம் கொஞ்சம் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் காது நிமிரும். பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (தளை) மூன்றும் அநாதி. உயிரை யாரும் படைக்கவில்லை. ஆனால் ஒற்றுமை அதோடு சரி. சித்தாந்தத்தில் பதி ஒருபோதும் பசுவாக இருந்ததில்லை. ஜோசஃப் துணிந்தது அங்கேதான்.

இந்தப் பிரசங்கத்தைத் தத்துவப் புத்தகத்தின் அத்தியாயம்போல எடுத்து அலசுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். இது ஒரு சாவுக்குப் பிறகு துக்கத்தில் இருந்தவர்களிடம் பேசியது. பேசியவர் கைக்குழந்தைகளைப் புதைத்தவர். அவரும் மனைவி எம்மாவும் பெற்றவர்களில் பாதிக்குமேல் தங்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாரைப் பார்த்து, உங்கள் பிள்ளைகள் உங்களுக்குத் திரும்பக் கிடைப்பார்கள் என்று அதே பேச்சில் சொல்கிறார். சாவு என்றால் என்ன என்று தாமே செத்துப் பார்த்துத் தெரிந்துகொண்ட பிதா! புராட்டஸ்டண்டு சபைகளின் பழைய வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை சொல்கிற கடவுளுக்கு உடலில்லை, உறுப்பில்லை, உணர்ச்சி வேகங்கள் இல்லை. அந்தக் கடவுளை என் அறிவு ஒத்துக்கொள்கிறது. கிணற்றடியில் நின்ற ஃபாலெட் வீட்டாருக்கு அவர் போதுமானவராக இருந்திருப்பாரா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன்.

ஜோசஃபின் பண்ணை வீட்டுக்குப் பக்கத்தில், நதியைப் பார்த்தபடி, அவரும் எம்மாவும் அண்ணன் ஹைரமும் புதைக்கப்பட்ட இடம். எம்மா மேற்கே போகவில்லை, கடைசிவரை இங்கேயே இருந்தார். அவருடைய மகன் 1860இல் தலைமையேற்ற சபைதான் நான் கிர்ட்லண்டில் சொன்ன 'கிறிஸ்துவின் சமூகம்'. அவர்கள் இந்த ஃபாலெட் பிரசங்கத்தின் வழியே போகவே இல்லை.

திங்கள், ராமஸ், கார்த்தேஜ்

ராமஸ் இப்போது வெப்ஸ்டர் என்ற பெயரில் சில வீடுகளாகச் சுருங்கிக் கிடக்கிறது. பார்க்க ஒன்றுமில்லை. ஆனாலும் காரை நிறுத்தினேன். 1843 ஏப்ரல் 2 அன்று காலை ஆர்சன் ஹைட் என்ற அப்போஸ்தலர் (சபையின் உயர் தலைவர்களை இப்படி அழைக்கிறார்கள்) இங்கே பிரசங்கித்தார். பிதாவும் குமாரனும் நம் இருதயத்தில் வாசமாயிருப்பார்கள் என்றார். மதியம் ஜோசஃபின் அக்கா வீட்டில் சாப்பாடு. அங்கே ஜோசஃப், உங்கள் பேச்சில் சில திருத்தங்கள் சொல்லப்போகிறேன் என்றார். நன்றியோடு ஏற்றுக்கொள்கிறேன் என்றார் ஹைட். இருதயத்தில் குடியிருப்பது பழைய சபைகளின் கருத்து, தவறு என்று திருத்தினார். அன்றைய போதனைதான் இன்று அவர்கள் வேதநூலில் 130ஆம் பகுதி: பிதாவுக்கு மனிதனைப் போலத் தொட்டறியக்கூடிய சதையும் எலும்புமான உடல் உண்டு, குமாரனுக்கும் அப்படியே, பரிசுத்த ஆவி மட்டும் ஆவியான ஆள். உலகத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் நம்பும் ஒரு கொள்கை ஒரு குக்கிராமத்தில் ஒரு நாள் உரையாடலில் இப்படி உறுதியாயிற்று.

அங்கிருந்து கார்த்தேஜ் சிறை. ஃபாலெட் பிரசங்கம் முடிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஜோசஃபின் ஆலோசகராக இருந்து பிரிந்த வில்லியம் லாவும் நண்பர்களும் ஜூன் 7 அன்று ஒரு பத்திரிகை வெளியிட்டார்கள். பலதார மணத்தோடு, இந்த உலகத்தின் தேவனுக்கு மேலே பல தேவர்கள் என்ற போதனையையும் அது கண்டித்தது. ஜோசஃப் மேயராக இருந்த நாவூ நகர சபை ஜூன் 10 அன்று அச்சகத்தை உடைக்க உத்தரவு போட்டது. ஒரு கொள்கையைக் கேள்வி கேட்டதற்கு அச்சகத்தை உடைத்தது பெரிய அநியாயம், ஜோசஃப் மீது எவ்வளவு மரியாதை இருந்தாலும் இதை நான் மழுப்ப மாட்டேன். ஜூன் 16 அன்று, கைது தலைக்குமேல் தொங்கும்போதே, மறுபடி தோப்பில் பேசினார்: இயேசுவின் பிதாவுக்கும் ஒரு பிதா இருந்தால், அவருக்கும் ஒரு பிதா இருந்திருக்க வேண்டாமா? ஜூன் 27 அன்று கும்பல் சிறைக்குள் புகுந்தது. மாடி அறையின் கதவில் குண்டு துளைத்த ஓட்டை இன்னும் இருக்கிறது. ஹைரம் அறைக்குள்ளேயே விழுந்தார். ஜோசஃப் சன்னல் வழியே கீழே விழுந்து இறந்தார், வயது 38.

செவ்வாய், ரயிலில்

பர்லிங்டன் நிலையத்தில் மாலை கலிஃபோர்னியா செஃபைர் ஏறினால் மறுநாள் இரவு சால்ட் லேக். 1846 பிப்ரவரியில் நாவூவை விட்டுப் பனியில் கிளம்பிய மார்மன்கள் சால்ட் லேக் பள்ளத்தாக்கைத் தொட 1847 ஜூலை ஆகிவிட்டது. ராக்கி மலைகள் சன்னலோரம் போய்க்கொண்டே இருந்தன. எழுத வேறு ஒன்றும் இல்லை.

வியாழன், சால்ட் லேக் சிட்டி

40 வருடம் கட்டி 1893இல் திறந்த கோவிலை நிலநடுக்கம் தாங்கும்படி பலப்படுத்துவதற்காக 2019 டிசம்பர் கடைசியில் மூடினார்கள். அதனால் சதுக்கத்தில் அதிக நேரம் நிற்காமல் பக்கத்து வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போனேன்.

ஜோசஃப் போன பிறகு கொள்கை அமைதியாகிவிடவில்லை. அவருக்குப் பின் தலைமையேற்ற பிரிகாம் யங் 1852 ஏப்ரலில், ஆதாமே நம் பிதா, நமக்குச் சம்பந்தப்பட்ட ஒரே தேவன் என்று பிரசங்கித்தார். ஆர்சன் பிராட் என்ற அப்போஸ்தலர் இதை ஏற்காமல் வருடக்கணக்காக வாதாடினார். 1976இல் தலைவர் ஸ்பென்சர் கிம்பல் அந்தக் கொள்கையைப் பொய் உபதேசம் என்று வெளிப்படையாகவே நிராகரித்தார். தீர்க்கதரிசி சொன்னதையே பின்னால் வந்த தீர்க்கதரிசி தள்ளுவது லேசான காரியம் இல்லை.

ஃபாலெட் பிரசங்கம் ஒருநாளும் வேதநூலில் சேரவில்லை. ஆனால் பின்னாளில் சபைத் தலைவரான லொரென்ஸோ ஸ்னோ சொன்ன இரண்டு வரி எல்லோருக்கும் தெரியும்: மனிதன் இப்போது இருப்பதுபோல் தேவன் ஒருகாலம் இருந்தார், தேவன் இப்போது இருப்பதுபோல் மனிதன் ஆகலாம். 1997இல் தலைவர் கோர்டன் ஹிங்க்லியிடம் பத்திரிகையாளர்கள் இதைக் கேட்டபோது, முதல் வரியை நாங்கள் இப்போது அதிகம் போதிப்பதாகத் தெரியவில்லை என்ற மாதிரிப் பதில் சொன்னார். 2014இல் சபை வெளியிட்ட கட்டுரையும் இரண்டாவது வரியை விரிவாகப் பேசிவிட்டு முதல் வரியை மெதுவாகக் கடந்துபோகிறது.

அருங்காட்சியகத்தில் வழிகாட்டியாக இருந்த ஒரு முதியவரிடம் கேட்டேன்: பிதா பாவம் செய்யும் மனிதராக இருந்தாரா, அல்லது இயேசுவைப் போலப் பாவமில்லாதவராக வந்தாரா? அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சபைக்குள்ளேயே இரண்டு விதமாகவும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். நான் இரண்டாவது கட்சி. குமாரன் பிதா செய்ததைச் செய்தார் என்றால், பிதாவும் ஓர் உலகத்துக்கு மீட்பராக இருந்திருப்பார்" என்றார். ஃபாலெட் பிரசங்கத்தை மறுபடி எடுத்துப் படித்தால் இந்த வாசிப்புக்கு நல்ல இடமிருக்கிறது.

இதனால்தான் ரோமன் கத்தோலிக்க சபை 2001இல் மார்மன் ஞானஸ்நானம் செல்லாது என்று தீர்மானித்தது. அதே பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று சொன்னாலும் பொருள் வேறு. என் சபையின் பிரமாணப்படி பார்த்தால் நானும் அதை மறுக்க முடியாது. ஆனால் இயேசுவை மீட்பர் என்று இவ்வளவு உருகிச் சொல்கிறவர்களைக் கிறிஸ்தவர்கள் இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

இன்னொன்று சொல்லாமல் முடிக்கக் கூடாது. பிதாவுக்கு உடல் உண்டு, நாம் அவருடைய பிள்ளைகள் என்றால் தாய் எங்கே? இதை ஒரு கவிதையில் கேட்டவர் லொரென்ஸோவின் அக்கா எலைசா ஸ்னோ. 1845இல், ஜோசஃப் கொல்லப்பட்ட மறுவருடம் எழுதியது. பரலோகத்தில் பெற்றோரில் ஒருவர் மட்டும் இருப்பார்கள் என்பது நியாயமாகத் தெரியவில்லை, எனக்கு அங்கே ஒரு தாயும் உண்டு என்கிறார். இன்றும் அது அவர்கள் பாட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. 2015இல் சபை பரலோகத் தாயைப் பற்றித் தனிக் கட்டுரையே வெளியிட்டது. 2019 முதல் இளம்பெண்கள் வாரந்தோறும் சொல்லும் உறுதிமொழியில் தாங்கள் 'பரலோகப் பெற்றோரின்' மகள்கள் என்கிறார்கள். ஆனால் அந்தத் தாயிடம் ஜெபிக்கக் கூடாது. 1991இல் ஹிங்க்லி அப்படிச் சொன்னார். 2022இல் அப்போஸ்தலர் டேல் ரென்லண்ட், அவரைப் பற்றி வெளிப்படுத்தப்பட்டது கொஞ்சம்தான், ஊகம் வேண்டாம் என்று மறுபடி எச்சரித்தார். என்னால் இதை ஏற்க முடியவில்லை. மரித்தவனின் வீட்டாருக்காகக் கடவுளின் பிறப்பு வரை துணிந்து பேசிய மரபு, மகள்கள் தாயைக் கூப்பிட ஆசைப்படும்போது மட்டும் ஏன் இவ்வளவு தயங்க வேண்டும்? அருங்காட்சியக முதியவரிடம் இதையும் கேட்டேன். தன் பேத்தியும் இதையேதான் கேட்கிறாள் என்றார்.